ஊசி போட்டும் குட்டி ஏன் சாகிறது?

“ஊசியெல்லாம் போட்டாச்சு சார், இனிமே பயமில்ல” என்று சொல்லித்தான் நாய்க்குட்டியை என் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒரு சின்ன நோட்டு. மேலட்டையில் நாயும் பூனையுமாக ஒரு படம். உள்ளே முதல் வரியில் ஒரு தேதி, மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், புரியாத ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே இருந்த வரிகள் எல்லாம் காலி. அந்தக் காலி வரிகள்தான் முக்கியம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் ராத்திரி குட்டி வாந்தி எடுத்தது. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மத்தியானத்துக்குள் ரத்தமாகக் கழிந்தது. அந்தக் கழிச்சலுக்கென்று ஒரு வாடை உண்டு. ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. மருத்துவர் குட்டியின் உதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

“எத்தனை நாள் குட்டின்னு சொன்னாங்க?”

“வாங்கும்போது ஐம்பது நாள்னாங்க டாக்டர். இப்ப அறுபது ஆகுது.”

“பால்பல்லே இன்னும் முழுசா முளைக்கலைங்க. எட்டு வாரத்துல இருபத்தெட்டுப் பல்லும் வந்திருக்கணும். இதுக்கு ஆறு வாரம் இருந்தா அதிகம்.”

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. நான்காம் நாள் விடியற்காலை குட்டி போய்விட்டது.

நோய் பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஊசி போட்டிருந்தது என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வி என்னை விடவில்லை. ‘ஊசி போட்டாச்சு’ என்பது பாதி வாக்கியம்தான். எந்த வயதில், எத்தனை முறை, எப்படிப் பாதுகாத்த மருந்தை என்பது மீதிப் பாதி. அந்த மீதியைத் தெரிந்துகொள்ளாமல் நம் வீடுகளில் குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன.

சீம்பால் கொடுக்கும் காவல்

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குள் இறங்குகின்றன. முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பது அந்தக் கடன்தான். கடன் நிலைப்பதில்லை. ஏறக்குறைய 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 6 வாரத்துக்கும் 16 வாரத்துக்கும் இடையே ஏதோ ஒரு நாளில் தீர்ந்துபோகிறது. எந்த நாள் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் முந்திக்கொண்டு மடியைப் பிடித்ததற்கு நிறையக் கிடைத்திருக்கும், நோஞ்சானுக்குக் கொஞ்சம்தான் கிடைத்திருக்கும்.

பார்வோ தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது குட்டியின் உடலில் கொஞ்சம் பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு சொந்தமாக எதிர்ப்பை உண்டாக்கும். ஆனால் தாய் கொடுத்த புரதத்துக்கு நோய் வைரஸ் எது, ஊசி வைரஸ் எது என்ற பேதம் தெரியாது. உள்ளே வந்ததை அடித்துவிடும். 30 நாள் குட்டிக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் மணலில் ஊற்றிய தண்ணீர்தான். நோட்டில் ஸ்டிக்கர் இருக்கும். உடலில் ஒன்றும் இருக்காது.

இதில் கொடுமையான ஒரு இடைவெளி இருக்கிறது. தாயின் புரதம் குறைந்துகொண்டே வரும்போது, உண்மையான வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்கு இறங்கியிருக்கும். ஊசி வைரஸை அழிக்க மட்டும் போதுமானதாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் நீளக்கூடிய இந்த நாட்களில் எந்த ஊசியாலும் குட்டியை முழுதாகக் காக்க முடியாது. அந்த நாட்களில்தான் குட்டி துறுதுறுவென்று வாசலுக்கு ஓடும், எல்லாவற்றையும் முகரும், எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவார்கள்.

மூன்று நான்கு முறை ஊசி போடுவது ஒன்றின்மேல் ஒன்றாகப் பலம் ஏற்றுவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தாயின் புரதம் தீரும் நாள் நமக்குத் தெரியாததால், மீன் எந்த நேரம் வரும் என்று தெரியாதவர் வலையைத் திரும்பத் திரும்ப வீசுவதுபோல வீசிக்கொண்டிருக்கிறோம். ஏதோ ஒரு வீச்சில் பிடிபடும். அதனால்தான் கடைசி ஊசி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16 வாரம் முடிந்தபின் விழ வேண்டும். அப்போதும் நழுவிய குட்டிகளைப் பிடிக்க 6 மாத வயதில் இன்னொன்று. நம் ஊரில் ‘45 நாளில் ஒன்று, அப்புறம் ஒரு பூஸ்டர்’ என்று இரண்டோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். பத்தாவது வாரத்தோடு நிறுத்தினால், வலையை மீன் வருவதற்கு முன்பே சுருட்டிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

பினாயிலுக்குச் சாகாத வைரஸ்

நாய்களுக்குப் பார்வோ பழைய நோயல்ல. 1978-இல்தான் உலகம் அதை முதலில் கண்டது. இரண்டே ஆண்டுகளில் கண்டங்கள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. பூனைகளைக் கொல்லும் ஒரு பழைய வைரஸின் நெருங்கிய உறவு இது. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போய்த் தாக்கும். குடலின் உள்வரியும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. குடல் உரிந்து ரத்தமாகப் போகும்போது, எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளையணுக்களும் தீர்ந்துகொண்டிருக்கும். நேராக வைரஸைக் கொல்லும் மருந்து நம் மருத்துவமனைகளில் இல்லை. உடலில் நீர் வற்றாமல், வாந்தி நிற்க, வேறு கிருமி ரத்தத்தில் ஏறாமல் பார்த்துக்கொண்டு, குட்டியின் உடலே மீண்டுவரக் காத்திருப்பதுதான் வைத்தியம். சீக்கிரம் கொண்டுபோய் உள்நோயாளியாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. வீட்டிலேயே குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம் என்று ஒரு நாள் தள்ளுவது பல குட்டிகளின் உயிரைக் குடித்திருக்கிறது.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்பும் சானிட்டைசரும் அதை ஒன்றும் செய்வதில்லை, பினாயிலை நம்ப முடியாது. மண்ணில், தரை இடுக்கில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். குட்டியை வெளியே விடவே இல்லை, எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு வாசலில் கழற்றிவிட்ட செருப்புதான் பதில். அதைக் கொல்வது குளோரின். முதலில் அழுக்கை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் தரையில் நிற்கவிட வேண்டும். கழுவாமல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. பார்வோவில் குட்டி செத்த வீட்டில் ஒரு வருடத்துக்கு ஊசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

அதற்காக 16 வாரம் வரை குட்டியை அறைக்குள் பூட்டி வைப்பதும் தவறு. 3 முதல் 14 வார வயதுதான் உலகத்தோடு பழகும் வயது. அப்போது மனிதரையும் வண்டிச் சத்தத்தையும் அறியாத குட்டி பின்னாளில் பயந்து கடிக்கும் நாயாகலாம். தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம். ஊசி முடித்த, ஆரோக்கியமான நாய் உள்ள வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

முப்பது நாள் குட்டி சந்தைக்கு வருவது ஏன்

நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பாக 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் ஒரு மாதக் குட்டி பொம்மைபோல் இருக்கும், உடனே விலைபோகும். கூடுதலாக நான்கு வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு, ஊசிச் செலவு, நோய் வந்தால் நட்டம். விற்பவருக்குக் கணக்கு தெளிவு. வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு: பல்லைப் பார்க்கச் சொல்வது, தாயைப் பார்க்காமல் வாங்காமல் இருப்பது. தாய் நாய்க்கு ஊசி ஒழுங்காகப் போட்டிருந்தால்தான் சீம்பாலில் கடன் கொடுக்கவே அதனிடம் ஏதாவது இருக்கும்.

நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ, தெருவில் கிடைத்த குட்டியோ, பார்வோவுக்கு எல்லாம் ஒன்றுதான். ராட்வைலர், டாபர்மேன் போன்ற இனங்களில் நோய் இன்னும் கடுமையாக வரலாம், அவ்வளவே. தெருவில் திடமாகத் திரியும் நாய்களைப் பார்த்து அந்த நம்பிக்கை வந்திருக்கிறது. அதன் கூடப் பிறந்தவை எத்தனை குப்பைமேட்டில் போயின என்று யாரும் எண்ணுவதில்லை.

நோட்டில் ஸ்டிக்கர் இருந்தும் பலன் இல்லாமல் போக இன்னொரு காரணம் குளிர். தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கடையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தால், உயிருள்ள வைரஸ் வழியிலேயே செத்துவிடும். ஜாக்கிரதை என்று நினைத்து ஃப்ரீசரில் வைத்தால் ரேபிஸ் ஊசி, எலிக்காய்ச்சல் ஊசி போன்ற செயலிழந்த கிருமி மருந்துகள் கெட்டுவிடும். மருந்து கெட்டது கண்ணுக்குத் தெரியாது, குட்டிக்கு வலிப்பதும் அதே மாதிரிதான் வலிக்கும். மருத்துவமனையிலேயே வைத்திருந்து, நம் கண்ணெதிரில் பொடியையும் திரவத்தையும் கலந்து போடும் ஊசிதான் ஊசி. ஸ்டிக்கரில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து

நம் ஊர்ப்பக்கம் இன்றைக்கும் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் பேச்சு. அந்தப் பெயரில் வரலாறு இருக்கிறது. 1903-இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி முதல் கிராமத்துக் கால்நடை மருந்தகம் வரை, இந்த அமைப்பு முழுவதும் உழவு மாட்டையும் கறவை மாட்டையும் மனத்தில் வைத்து எழுந்தது. அது சாதித்ததும் சிறியதல்ல. மாடுகளை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன வெக்கை நோயைத் தடுப்பூசியாலேயே துரத்தி, 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

வெக்கை நோயை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்த வைரஸும், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பரும் ஒரே குடும்பம். டிஸ்டெம்பர் சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கும். கொஞ்சம் தேறியதுபோல் காட்டும். சில வாரம் கழித்து மூளையைப் பிடிக்கும். தாடை தன்னால் வெட்டும், கால் தாளம் போடுவதுபோல் துடித்துக்கொண்டே இருக்கும். பிழைத்தாலும் அந்தத் துடிப்பு சாகும்வரை தொடரலாம். பார்வோவுக்குப் போடும் அதே கூட்டு ஊசியில் இதற்கும் காப்பு இருக்கிறது. மாட்டில் நம்மால் முடிந்தது நாயில் முடியாமல் இருப்பதற்கு மருந்து காரணமில்லை. மாட்டுக்கு ஊசி போட அரசே வீட்டுக்கு வந்தது. நாய்க்கும் பூனைக்கும் நாம்தான் தேதி பார்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதில் ரேபிஸ் மட்டும் வீட்டுக்குள் முடிகிற விஷயமல்ல. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்திருக்கிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் மீட்பு இல்லை. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் நடுக்கத்தோடு சொல்வது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. அது வழக்கொழிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது தோளில் போடும் சில ஊசிகள்தான். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். நாய் கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டுக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அங்கே போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ‘நம்ம வீட்டுக் குட்டிதானே’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

நாய்க்குப் போடும் ரேபிஸ் ஊசி 3 மாத வயதில் தொடங்கும், ஒரு வருடத்தில் மறு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி போட்டால் நாய்களிடையே ரேபிஸ் பரவும் சங்கிலி அறுகிறது என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட 1885 ஜூலை 6-இன் நினைவாக ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் வீட்டு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. தோலுக்கடியில் வைக்கும், அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் இருப்பது ஒரு எண் மட்டுமே. ஆனால் தொலைந்த நாய் வீடு திரும்பவும், எந்த நாய்க்கு ஊசி விடுபட்டது என்று கணக்குப் பார்க்கவும் அந்த எண் உதவும்.

மழைக்காலத்துக்கு எலிக்காய்ச்சல் ஊசி. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் கால் வைத்தாலே தொற்றக்கூடியது. சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து, நாயிடமிருந்து நமக்கும் வரும். முதல்முறை இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டெம்பர் காப்பு வளர்ந்த நாயில் மூன்றாண்டுக்குக் குறையாமல் நிற்கும். எலிக்காய்ச்சல் காப்பு ஓராண்டுக்கு மேல் நம்ப முடியாதது. ‘வருஷா வருஷம் எதற்கு ஊசி’ என்று கேட்பவர்கள் எந்த ஊசி என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சுவரில் ஏறும் உண்ணி

பார்வோ குட்டிகளின் எமன் என்றால், வளர்ந்த நாய்களுக்கு நம் வெப்ப பூமியில் உண்ணிக் காய்ச்சல். நாயின் காது மடிப்பில், விரலிடுக்கில் பச்சைப்பயறுபோல் உப்பிக் கிடக்கும் உண்ணியைப் பார்த்துப் பிடுங்குகிறோம். நாம் பார்ப்பது மிகச் சிறிய பங்கு. ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிடமிருந்து உதிர்ந்து, சுவரில் ஏறி, கதவு நிலை இடுக்கிலோ கட்டில் சட்டத்திலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பொரித்த குஞ்சு ஒருமுறை நாயைக் கடித்து உதிரும். தோலுரித்து வளர்ந்து மறுபடி ஏறும். இப்படி மூன்று முறை. உணவில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். ஒவ்வொரு நேரத்திலும் நாயின் உடம்பில் இருப்பதைவிட வீட்டில் இருப்பதே அதிகம். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு, மறுவாரம் திரும்ப வந்துவிட்டதே என்று சலித்துக்கொள்வது அதனால்தான்.

உண்ணியின் எச்சிலோடு இறங்கும் எர்லிக்கியா என்ற கிருமி வெள்ளையணுக்களுக்குள் குடியேறுகிறது. பபீசியா சிவப்பணுக்களுக்குள். முதல் அறிகுறி ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்: சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், படுத்தே கிடக்கும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தால் சில சமயம் அப்போதே தெரிந்துவிடும். தவறவிட்டால் கிருமி ஒளிந்துகொண்டு, மாதங்கள் கழித்து ரத்தத் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தமாக வெளிப்படும். எர்லிக்கியாவுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரையை ஏறக்குறைய 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறோம். என்னோடு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “நல்லாத்தான்பா இருந்துச்சு, நிறுத்திட்டேன்” என்று மூக்கில் ரத்தம் வடியும் லாப்ரடாரின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தடுப்புக்கு இப்போது மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய்வழி கொடுக்கும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இவற்றைத் தரும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உண்ணியை எடுக்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகத்தில் நசுக்குவது எல்லாம் வேண்டாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைமேல் ஒருபோதும் போடாதீர்கள். பூனை வலிப்பு வந்து செத்துவிடும்.

குடற்புழுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டி தாயின் வயிற்றிலிருந்தே உருண்டைப் புழுவோடு பிறக்கிறது, கொக்கிப்புழுவைப் பாலோடு குடிக்கிறது. அதனால் இரண்டு வார வயதில் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். மண்ணில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் புழுவின் முட்டை பிள்ளையின் கண்வரை போகக்கூடியது.

தயிர்சாதம் தின்னும் பூனை

பூனைக்கு மருத்துவமா என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூனை தன் நோயை மறைக்கும். நாம் கண்டுபிடிக்கும்போது பாதி தூரம் போயிருக்கும். அதற்கும் மூன்று நோய்க்கான கூட்டு ஊசி 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் தாண்டி முடிய வேண்டும். ரேபிஸ் ஊசியும் உண்டு. இவற்றைவிட நம் வீடுகளில் பூனையைக் கொல்வது இரண்டு பழக்கங்கள். ஒன்று, காய்ச்சல் என்று அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுப்பது. அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் ரத்தம் பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு முட்டிச் செத்துவிடும். நாய்க்கும் இதையோ மற்ற வலி மாத்திரைகளையோ நாமாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, சைவ வீட்டுத் தயிர்சாதம். என் பாட்டி வளர்த்த பூனை அப்படித்தான் வளர்ந்தது; கூடவே அது எலியும் பல்லியும் பிடித்துத் தின்றது என்பதைப் பாட்டி கணக்கில் சேர்க்கவில்லை. அடுக்குமாடிப் பூனைக்கு அந்த வழி இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு சொந்தமாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். குறைந்தால் கண்பார்வை மங்கும், இதயத் தசை தளரும். இதயம் வீங்கிச் செத்த பூனைகளுக்குக் காரணம் இதுதான் என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டிய பிறகுதான் பாக்கெட் தீனிகளிலேயே அளவைக் கூட்டினார்கள். மீனோ கோழியோ சமைக்க மனமில்லாத வீட்டில் தரமான பூனைத் தீனியாவது வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அது அன்றைக்கே போக வேண்டிய அவசரம்.

பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்வது பாவம் என்று தயங்குவோர் கர்ப்பப்பைச் சீழைப் பார்த்ததில்லை. பருவம் முடிந்து சில வாரத்தில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து கிடக்கும். சில சமயம் கசிவு தெரியும், சில சமயம் எல்லாம் உள்ளேயே தேங்கும். சுவீடன் நாட்டுக் காப்பீட்டுக் கணக்குகளின்படி கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருகிறது. அப்போது செய்யும் அறுவை, இளமையில் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். எந்த மாதம் என்பதை உங்கள் நாயைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எடையைப் பற்றி ஒரே ஒரு தகவல். 48 லாப்ரடார்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்ற நாய்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. நாய் நம் தட்டைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

என் முதல் குட்டி செத்து ஒன்றே கால் வருடம் கழித்துத்தான் அடுத்ததை எடுத்துவந்தேன். தெரு நாய் போட்ட குட்டி. தாயின் பக்கத்திலேயே எட்டு வாரம் விட்டுவைத்து, பல்லை நானே எண்ணிப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா வாசலில் செருப்பை நிறுத்தி, உள்ளே யார் வந்தாலும் கால் கழுவச் சொன்னார். நோட்டில் 8, 12, 16 வார வரிகளில் ஸ்டிக்கர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. பதினாறாம் வார ஊசியைப் போட்டுவிட்டு மருத்துவர், “இன்னும் ரெண்டு வாரம் போகட்டும், அப்புறம் தெருவுல இறக்குங்க” என்றார். அந்த நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். அன்று காலை கேட்டைத் திறந்ததும் அது ஓடவில்லை. முதலில் படியை முகர்ந்தது, பிறகு கோலத்தை, பிறகு எதிர்வீட்டுத் தென்னையின் அடியை வெகுநேரம் முகர்ந்துகொண்டே நின்றது. நோட்டின் அடுத்த வரியில் ஆறாம் மாத ஊசிக்கான தேதியை அன்றே பென்சிலால் எழுதினேன்.